நிறுவன மோசடி வெளியே வந்த பிறகும் தலைமை அதிகாரிகள் மீது வழக்கு வர ஏன் இத்தனை காலம்?

கத்தி, துப்பாக்கி இல்லாமல், பதவியையும் கணக்குப் புத்தகத்தையும் வைத்து ஏமாற்றிப் பணம் பார்ப்பதைத்தான் வெள்ளைக் காலர் குற்றம் என்கிறோம். பணம் போனதைக் காட்டுவது பெரும்பாலும் எளிது. தெரிந்தே ஏமாற்றினார் என்று நிரூபிப்பதுதான் கஷ்டம். கார் சுவரில் மோதியதை எல்லோரும் பார்க்கலாம். வேண்டுமென்றே மோதினாரா, பிரேக் பிடிக்கவில்லையா என்பதை யார் சொல்வது?

மேலதிகாரி எதையும் எழுத்தில் வைப்பது அபூர்வம். "ஆடிட்டர் சரி என்றார், வக்கீல் பார்த்தார்" என்று கைகாட்டவும் ஆள் இருக்கும். அதனால் விசாரணை மின்னஞ்சல்களைத் துருவி, கீழ்மட்டத்திலிருந்து மேலே ஏறும். உதாரணத்துக்கு, கணக்கு மோசடியில் சிக்கிய அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் 2001 டிசம்பரில் திவாலானது. நிதித் தலைவர் ஆண்ட்ரூ ஃபாஸ்டோ 2004-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அப்புறம் அரசுத் தரப்பில் சாட்சி சொன்னார். முன்னாள் தலைமை நிர்வாகி ஜெஃப்ரி ஸ்கில்லிங் குற்றவாளி எனத் தீர்ப்பானது 2006-இல்தான்.

நிறுவனம் அபராதம் கட்டிவிட்டால் அதிகாரிகள் தப்பித்துவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாக அப்படி இல்லை, தனிநபர் மீது தனியாக வழக்குப் போடலாம்.