பிஐடி எழுதியும் ஹீட்டர் ஏன் செட் பாயிண்டைத் தாண்டுகிறது?

கேள்வி: எக்ஸ்ட்ரூடர் (பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் மெஷின்) பேரல் ஹீட்டருக்கு மைக்ரோகன்ட்ரோலரில் பிஐடி (பிழையைப் பார்த்து ஹீட்டரைத் தானே கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாட்டு முறை) எழுதினேன். செட் பாயிண்டை, அதாவது வேண்டிய வெப்பநிலையை, 200 டிகிரி வைத்தால் முதலில் 225 வரை போய்விட்டு மெதுவாக இறங்குகிறது. கெயினை (பிஐடியின் பெருக்கு எண்களை) எவ்வளவு மாற்றியும் சரியாகவில்லை. ஏன்?

கெயினை அப்படியே விட்டுவிட்டு முதலில் இன்டெக்ரலை, அதாவது பிழையைக் கூட்டிச் சேர்த்துக்கொண்டே வரும் பகுதியைப் பாருங்கள். பேரல் 30 டிகிரியில் இருக்கும்போது பிழை, அதாவது செட் பாயிண்டுக்கும் அளந்ததற்கும் உள்ள வித்தியாசம், 170. ஹீட்டரால் 100 சதவீதத்துக்கு மேல் தர முடியாது, ஆனால் அது உங்கள் புரோகிராமுக்குத் தெரியாதே, சூடேறும் நேரம் முழுக்க ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பிழையைக் கூட்டிக்கொண்டே போகும். 200-ஐத் தொடும்போது இன்டெக்ரலில் சேர்ந்து கிடப்பது கரைய வேண்டுமென்றால் பிழை மைனஸில் கொஞ்ச நேரம் இருந்தாக வேண்டும், அதுவரை ஹீட்டர் எரியும். நீங்கள் பார்க்கும் 225 அதுதான். அவுட்புட் 100-ஐத் தொட்டிருந்து, பிழையும் இன்னும் பிளஸ்ஸில் இருந்தால் அந்தச் சுற்றில் இன்டெக்ரலைக் கூட்டாதீர்கள். ஒரே ஒரு இஃப் வரிதான்.

அடுத்தது சுற்று நேரம். பிஐடியை மெயின் லூப்பில் டிஸ்ப்ளே, சீரியலோடு சேர்த்து ஓடவிட்டால் ஒரு சுற்று 20 மில்லிவினாடி, அடுத்தது 90 என்று மாறும், கெயினுக்கு அர்த்தமே போய்விடும். டைமர் வைத்துச் சீரான இடைவெளியில் ஓட்டுங்கள், பேரல் சூட்டுக்கு வினாடிக்கு ஒரு தடவை தாராளம். டெரிவேட்டிவ்வை (மாறும் வேகத்தைப் பார்க்கும் பகுதியை) பிழையில் எடுக்காமல் அளந்த வெப்பநிலையில் எடுங்கள், இல்லையென்றால் ஆபரேட்டர் செட் பாயிண்டை மாற்றும் ஒவ்வொரு தடவையும் அவுட்புட் துள்ளும். கே டைப் தெர்மோகப்பிள் (வெப்பநிலை சென்சார்) டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட்தான் தரும், பக்கத்தில் மோட்டார் டிரைவ் இருந்தால் இரைச்சல் நிச்சயம், அதனால் ஃபில்டரும் வேண்டும்.

கெயினைக் கணக்கிடும் சீக்லர்-நிக்கல்ஸ் அட்டவணையை வைத்து டியூன் செய்திருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள். 1942-இல் வந்த அந்த விதிகளின் இலக்கே ஒவ்வொரு அலையும் முந்தையதில் கால் பங்காகக் குறைய வேண்டும் என்பது, அதாவது கொஞ்சம் தாண்டுவதை ஏற்றுக்கொண்டே வகுத்தவை. பிவிசி ஓட்டுகிறவருக்கு அது ஒத்துவராது, சூடு மிஞ்சினால் பொருள் கருகி ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும்.

அப்புறம், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். எஸ்எஸ்ஆர் (ஹீட்டரை ஆன்-ஆஃப் செய்யும் எலக்ட்ரானிக் ரிலே) பழுதானால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் நிற்கும், புரோகிராம் பூஜ்யம் சொன்னாலும் ஹீட்டர் அணையாது. தெர்மோகப்பிள் குழியிலிருந்து நழுவி வெளியே தொங்கினால் பேரல் குளிர்ந்திருப்பதாக நினைத்து முழுச் சூடு கொடுக்கும். ஆகவே தனி சென்சாரோடு ஒரு ஓவர்டெம்பரேச்சர் கட்-ஆஃப் போட்டு, அது நேராகக் கான்டாக்டர் (ஹீட்டருக்கு மின்சாரத்தை இணைக்கும் பெரிய சுவிட்ச்) காயிலை வெட்டும்படி வயரிங் செய்யுங்கள், மைக்ரோகன்ட்ரோலர் வழியாக வேண்டவே வேண்டாம். மெஷின் பக்கத்தில் ஆள் நிற்கிறார், டியூனிங்கை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.