மூளையைப் படிக்க விரும்பும் பிள்ளைக்கு எந்தக் குரூப்? ஒரு தகப்பனாருக்கு எழுதிய கடிதம்

அன்புள்ள அண்ணாச்சி,

சென்ற சனிக்கிழமை மார்த்தாண்டத்தில் நாம் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் மகள் கேட்ட கேள்வி இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை. விடியும் முன்னே நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நீங்கள் ரப்பர் பால் வெட்டும்போது, கத்தி பட்டைக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியாது; உள்ளே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைத்து வெட்டினால்தான் பால் நன்றாக வரும், அதையும் தாண்டினால் மரம் காயப்படும்; அப்படியிருக்க அப்பாவின் கைக்கு மட்டும் அந்த அளவு எப்படித் தெரிகிறது என்று கேட்டாள். "எல்லாம் பழக்கந்தான் மக்களே" என்று நீங்கள் சொன்னீர்கள். அந்தப் பழக்கம் மூளைக்குள் என்னவாக இருக்கிறது என்பதைத் தேடுவதற்கென்றே ஆராய்ச்சி நிறுவனங்கள் இருக்கின்றன.

பிறகு நீங்கள் கேட்டீர்கள்: "மூளையைப் படிக்கணும்னா டாக்டருக்குத்தானே சார் படிக்கணும்? கணக்கு எதுக்கு? கணக்கு இல்லாத பியூர் சயின்ஸ் குரூப்பே போதுமே?" பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு நாள் நெருங்கிவிட்டதால் என் பதிலை எழுத்திலேயே தருகிறேன். பிள்ளையைக் கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப்பில் சேருங்கள். உயிரியல் இருப்பதால் நீட் எழுதும் வாய்ப்பு அப்படியே இருக்கும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டையும் அவள் இழக்க மாட்டாள். கணிதத்தை இப்போது விட்டுவிட்டாலோ, சில வாசல்கள் இரண்டு ஆண்டுக்குப் பின் முற்றிலும் அடைபட்டிருக்கும்.

ஏன் கணிதம் என்பதற்கு உங்கள் கையையே எடுத்துக்கொள்கிறேன். மார்க் எர்ன்ஸ்ட், மார்ட்டின் பேங்க்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2002இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு மேட்டின் உயரத்தைக் கண்ணால் பார்த்தும் விரலால் தொட்டும் மதிப்பிடச் சொல்லி, கண்ணுக்குத் தெரியும் காட்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலங்கலாக்கினார்கள். காட்சி கலங்கக் கலங்க, மூளை கண்ணின் செய்திக்குக் கொடுக்கும் எடையைக் குறைத்து, கையின் செய்திக்குக் கூடுதல் எடை கொடுத்தது. அதுவும் ஏதோ ஒரு மனப்போக்கில் அன்று, எந்தச் செய்தி எவ்வளவு நம்பகமானது என்பதை வைத்துப் புள்ளியியல் சொல்லும் மிகச் சிறந்த கலவைக்கு மிக நெருக்கமாகக் கொடுத்தது. மங்கிய வெளிச்சத்தில் உங்கள் கை செய்வதும் இவ்வகைக் கணக்காகவே இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இதை அவள் புரிந்துகொள்ள வேண்டுமானால், அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும் மாறுபாட்டளவு, நிகழ்தகவுப் பரவல் ஆகியவை தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் இருக்கின்றன. பியூர் சயின்ஸ் குரூப்பில் அந்தப் புத்தகமே கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் கடற்கரைக்கும் பழக்கமான உயிரைப் பற்றியது. குளச்சலிலும் முட்டத்திலும் கரைக்கு வருகிற கணவாயின் இனத்தைச் சேர்ந்த சிலவற்றில் ஒரு நரம்பிழை அரை மில்லிமீட்டருக்கும் மேல் தடிப்பாக, கண்ணால் பார்க்கும் அளவுக்கு இருக்கும். இங்கிலாந்தில் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இருவர் அத்தகைய நரம்புக்குள் மின்முனையைச் செலுத்தி, நரம்பில் மின்துடிப்பு எப்படி எழுந்து ஓடுகிறது என்பதை அளந்து, 1952இல் அதை மாற்றத்தின் வேகத்தைச் சொல்லும் நான்கு வகைக்கெழுச் சமன்பாடுகளாக எழுதினார்கள். கணினி கைக்குக் கிடைக்காததால் ஹக்ஸ்லி கையால் சுழற்றும் கணக்கு இயந்திரத்திலேயே அந்தச் சமன்பாடுகளுக்கு விடை கண்டார். 1963இல் நோபல் பரிசு பெற்ற அந்த வேலையில் கத்தி பிடித்த கைக்கும் கணக்குப் போட்ட கைக்கும் சமமான பங்கு இருந்தது.

நம் நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது. மனேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நரம்பறிவியலுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது, மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான நிம்ஹான்ஸ் நிறுவனமும் அந்த ஊரில்தான். சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், உயிரிழந்த கருச்சிசுக்களின் மூளைகளை மெல்லிய சீவல்களாக்கிப் படமெடுத்து, 5,132 சீவல்களைக் கொண்ட 'தரணி' என்ற வரைபடத் தொகுப்பை 2024 டிசம்பரில் வெளியிட்டது. சீவல் எடுப்பவரும், படங்களைக் கணினியில் முப்பரிமாணமாகக் கோப்பவரும், இது இன்ன பகுதி என்று அடையாளம் சொல்லும் மருத்துவரும் சேர்ந்தால்தான் அப்படி ஒரு தொகுப்பு உருவாகும். நோயாளியைக் குணப்படுத்துவதுதான் அவளுடைய ஆசை என்றால் எம்.பி.பி.எஸ். படிக்கட்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் நான் கவனித்தவரை அவள் கேட்பது "எப்படி" என்ற கேள்வியை.

தேர்வுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐசர் என்பது இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம்; நமக்கு மிக அருகில் இருப்பது திருவனந்தபுரம் ஐசர், விதுராவில் இருக்கிறது. ஐசர் நுழைவுத் தேர்வில் 60 கேள்விகள். இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் ஒவ்வொன்றிலும் 15. கணிதம் படிக்காத பிள்ளையும் எழுதலாம், ஆனால் கால் பங்குத் தாளைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நான்காண்டு இளநிலைப் படிப்புக்கோ பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் கட்டாயம். இவை எதுவும் கிடைக்காமல் போனாலும் நாகர்கோவிலில் இயற்பியலோ கணிதமோ பி.எஸ்சி. படித்துவிட்டு, முதுநிலை அறிவியல் படிப்புகளுக்கான ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி மேலே போகலாம். சரக்கல்விளையில் பிறந்து இஸ்ரோ தலைவரான சிவன் அவர்கள் நாகர்கோவில் இந்துக் கல்லூரியில் படித்ததும் பி.எஸ்சி. கணிதம்தான்.

காலத்தையும் காசையும் மறைக்காமல் சொல்ல வேண்டியது என் கடமை. ஐசரில் ஐந்தாண்டு, பிறகு முனைவர் பட்டத்துக்கு ஐந்தோ ஆறோ ஆண்டுகள். அவள் முடிக்கும்போது வயது இருபத்தெட்டு, இருபத்தொன்பது ஆகியிருக்கும். முனைவர் பட்டக் காலத்தில், ஆராய்ச்சி உதவித்தொகைக்கான நெட் போன்ற தேசியத் தேர்வில் தேறியவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாயும் அதன்பின் 42,000 ரூபாயும் உதவித்தொகை கிடைக்கிறது. வீட்டிலிருந்து பணம் கேட்க வேண்டிய நிலை இருக்காது. ஆனால் அதன் பிறகு நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் குறைவு, காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருக்க மனமில்லாதவர்களை, கணிதமும் கணினி நிரலும் கைவசம் இருந்தால், மருத்துவக் கருவி, செயற்கை நுண்ணறிவு, தரவுப் பகுப்பாய்வு போன்ற துறைகள் எடுத்துக்கொள்கின்றன. இந்தப் பாதுகாப்பும் கணிதத்தால் வருவதுதான். கல்யாணப் பேச்சு எப்போது என்று அவள் அம்மா கேட்டதற்கு நான் பதில் சொல்ல முடியாது. அதை அவளிடமே உட்கார்ந்து பேசுங்கள்.

பத்தாம் வகுப்பில் கணக்கில் 62தானே வாங்கினாள், தாங்குவாளா என்ற உங்கள் பயம் நியாயமானது. அவளுடைய நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். இயற்கணிதத்தில் தவறு மிகக் குறைவு. முக்கோணவியலில் பக்கம் பக்கமாக வெற்றிடம். அவளிடம் கேட்டபோது, அந்தப் பாடம் நடந்த வாரங்களில் காய்ச்சலில் படுத்திருந்ததாகச் சொன்னாள். மூளைக்கு எட்டாததால் அன்று, வகுப்புக்குப் போகாததால் விட்டுப்போன பாடம் அது. பள்ளி திறந்து ஒரு மாதத்துக்குள் அதைச் சரிசெய்துவிடலாம். விண்ணப்பத்தில் குரூப்பை எழுதுமுன் தலைமையாசிரியரிடம் இந்தப் பள்ளியில் கணிதம்-உயிரியல் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் எந்தப் பள்ளியில் இருக்கிறது என்று சேர்ந்தே விசாரிப்போம். ஞாயிற்றுக்கிழமை மதியம் பால் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தோடு அவளை அழைத்து வாருங்கள், முக்கோணவியலிலிருந்து தொடங்குகிறேன்.