பின்டோ காரும் காண்ட்டின் கடைக்காரரும்: வணிக அறம், கேள்வி பதில்

வணிகவியல் மாணவர்களுக்கு அறவியல் கற்பிப்பவன் என்ற முறையில் இங்கே பதில் சொல்கிறேன். வரி, உரிமம், வழக்கு ஆகியவை என் துறை அல்ல.

கேள்வி: நான் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். எடையிலோ விலையிலோ யாரையும் ஏமாற்றியதில்லை. அதனால்தான் வாடிக்கையாளர்கள் திரும்ப வருகிறார்கள். இதற்குமேல் தத்துவம் எனக்கு என்ன சொல்லித்தரப் போகிறது?

பதில்: ஏறக்குறைய உங்களைப் பற்றியே 1785இல் எழுதியிருக்கிறார்கள். ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இமானுவேல் காண்ட் அவ்வாண்டு வெளியிட்ட அறவியல் நூலில் ஒரு கடைக்காரர் வருகிறார். விவரம் அறியாதவர்களிடம் அவர் கூடுதல் விலை வாங்குவதில்லை. சிறு குழந்தை வந்து கேட்டாலும் மற்றவர்களுக்குச் சொல்லும் விலையைத்தான் சொல்கிறார். அவர் செய்வது சரி என்பதைக் காண்ட் மறுக்கவில்லை. ஆனால் வியாபாரம் கெட்டுவிடக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காக அவர் அப்படி நடந்துகொண்டால், அந்தச் செயலுக்கு அறமதிப்பு இல்லை என்கிறார். உங்கள் கடைக்கு எதிரே வெளியூர்ப் பேருந்து ஒன்று பழுதாகி நிற்கிறது, அதிலிருந்து இறங்கி வருபவர் இனி இந்தப் பக்கமே வரப்போவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘திரும்ப வருவார்’ என்ற உங்கள் காரணம் அவர் விஷயத்தில் செல்லாது. அவருக்கு என்ன விலை சொல்வீர்கள் என்பதுதான் காண்ட்டின் கேள்வி.

கேள்வி: பில் போடாமல் விற்றால் அபராதம் எவ்வளவு?

பதில்: உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்.

கேள்வி: ஃபோர்டு நிறுவனம் ஓர் உயிருக்கு 2 லட்சம் டாலர் என்று விலைபோட்டு, பின்டோ என்ற தன் காரில் தீப்பிடிப்பதைத் தடுக்க, காருக்கு 11 டாலர் செலவிட மறுத்ததாக வகுப்பில் படித்தோம். பெரும்பாலோரின் நன்மையைக் கூட்டிக் கழித்துப் பார்க்கும் பயன்வாதம் தவறு என்பதற்கு இதுவே போதாதா?

பதில்: போதாது. முதலில் கதையையே சரிசெய்ய வேண்டியிருக்கிறது. நீங்கள் சொல்லும் தொகைகள் ஃபோர்டின் ஓர் அறிக்கையில் உள்ளவை. அது 1973இல் தயாரானது. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு கொண்டுவரவிருந்த ஒரு விதியைப் பற்றி அந்த அமைப்பிடமே தரப்பட்டது. அதில் பேசப்படுவது பின்டோ பின்னாலிருந்து மோதப்படுவதைப் பற்றி அல்ல, கார் கவிழும்போது எரிபொருள் கசிவதைப் பற்றி. 180 மரணங்கள், 180 தீக்காயங்கள், எரிந்துபோகும் 2,100 வண்டிகள் ஆகியவற்றுக்கு 4 கோடியே 95 லட்சம் டாலர் ஒரு பக்கம். கசிவைத் தடுக்க 1 கோடியே 25 லட்சம் வண்டிகளுக்குத் தலா 11 டாலர் வீதம் ஏறத்தாழ 13 கோடியே 70 லட்சம் டாலர் மறுபக்கம். ஃபோர்டின் வண்டிகள் மட்டுமல்ல, அந்நாட்டுச் சாலைக்கு வரும் கார்களும் சிறு லாரிகளும் எல்லாமே அந்தக் கணக்கில் அடங்கும். உயிருக்கு 2 லட்சம் டாலர் என்ற மதிப்பும் நிறுவனம் கண்டுபிடித்ததன்று. அரசின் பாதுகாப்பு அமைப்பே முந்தைய ஆண்டில் வெளியிட்டிருந்தது.

உயிருக்கு மதிப்புப் போடுவதைக் கேட்டதும் நமக்குக் கூசுகிறது. ஆனால் மேம்பாலம் எங்கே கட்டுவது, தடுப்புச் சுவர் எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும் எந்த அரசும் வாய்விட்டுச் சொல்லாமல் அதைத்தான் செய்கிறது. யாருடைய இழப்பை யார் கணக்கில் எழுதுகிறார்கள், இழப்பவருக்கு அது தெரியுமா என்பதைத்தான் நீங்கள் விசாரிக்க வேண்டும்.

கேள்வி: மேலே உள்ள பதில் அந்த நிறுவனத்துக்கு வக்காலத்து வாங்குகிறது. அறிக்கை எதைப் பற்றியது என்பதா முக்கியம்? மனிதர்கள் எரிந்துபோனார்கள்.

பதில்: எரிந்துபோனார்கள் என்பதால்தான் சரியான ஆவணத்தைப் பார்க்கச் சொல்கிறேன். 1972இல் கலிஃபோர்னியாவில் நெடுஞ்சாலையில் நின்றுவிட்ட ஒரு பின்டோவின் மீது பின்னாலிருந்து வந்த கார் மோதி, ஓட்டிய பெண் இறந்தார். 13 வயதுச் சிறுவன் கொடுந்தீக்காயங்களோடு பிழைத்தான். இதற்காக ஃபோர்டு மீது தொடரப்பட்ட வழக்கில் 1978இல் நடுவர் குழு விதித்த 12 கோடியே 50 லட்சம் டாலர் தண்டனைத் தொகையை நீதிபதி 35 லட்சமாகக் குறைத்தார். அங்கே சான்றாக வைக்கப்பட்டவற்றுள் 1971 ஏப்ரல் மாதக் கூட்டத்தில் தரப்பட்ட ஓர் அறிக்கை உண்டு. பெட்ரோல் டேங்கைக் காக்கும் உறையையோ உட்பையையோ 1974இல் பொருத்துவதற்குப் பதிலாக 1976 வரை தள்ளிவைத்தால் 2 கோடியே 9 லட்சம் டாலர் மிச்சமாகும் என்று அது பரிந்துரைத்தது. ‘சாகட்டும்’ என்று அங்கே யாரும் எழுதவில்லை. ஓர் ஆண்டை அடித்துவிட்டு வேறோர் ஆண்டை எழுதினார்கள். பிரபலமான 1973 அறிக்கையை மட்டும் படிக்கும் மாணவர், கொடியவர்கள் உட்கார்ந்து உயிரைத் தராசில் வைக்கும் காட்சியைத்தான் எதிர்பார்ப்பார். நாளை தன் முன்னால் ஒரு கால அட்டவணை வந்து நிற்கும்போது அதையும் இதையும் இணைத்துப் பார்க்க மாட்டார். இதுவா வக்காலத்து?

கேள்வி: நேர்மையாக இருந்தால் லாபம் வருமா?

பதில்: சில நேரம் வரும், சில நேரம் வராது. வந்தால் மட்டும் நேர்மை என்றால், அதற்கு நீங்கள் தேடும் பெயர் வணிக உத்தி.

கேள்வி: லாபம் ஈட்டுவதே நிறுவனத்தின் ஒரே கடமை என்று பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் சொல்லவில்லையா?

பதில்: 1970இல் சொன்னார். ஏமாற்றோ மோசடியோ இல்லாமல், ஆட்டத்தின் விதிகளுக்குள் நின்று என்பதையும் சேர்த்தே சொன்னார். மேற்கோள் காட்டுபவர்கள் அந்தப் பாதியை ஏனோ வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார்கள்.

கேள்வி: நேர்மையான தொழிலால் நீண்டகால லாபம் உண்டா?

பதில்: இரண்டு கேள்விகளுக்கு முன்னால் பாருங்கள்.

கேள்வி: சிறு பட்டறை நடத்துகிறேன். பவர் பிரஸ் இயந்திரத்தில் கை சிக்காமல் இருக்கப் பாதுகாப்புக் கூண்டு போட வேண்டும். இப்போது ஆர்டர் குறைவு. மார்ச் முடிந்ததும் போடலாம் என்றிருக்கிறேன். இதிலும் அறம் இருக்கிறதா?

பதில்: சட்டம் என்ன கேட்கிறது என்பதைத் தொழிற்சாலை ஆய்வாளர் சொல்வார். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. மார்ச் வரை மிச்சமாகும் பணம் உங்களுடையது. அதுவரை அச்சுக்கடியில் போய்வரும் விரல்கள் ஆபரேட்டருடையவை. ‘செலவை மிச்சப்படுத்த மார்ச் வரை இப்படியே ஓட்டப்போகிறோம்’ என்று இயந்திரத்தின் பக்கத்தில் நின்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் முடியாது என்றால் வேலை போகாது என்ற உறுதியையும் அதே வாயால் கொடுங்கள். இரண்டையும் சொல்ல உங்களுக்கு நா எழவில்லை என்றால், கூண்டு வரும்வரை அந்த பிரஸ்ஸின் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, அந்த வேலையை வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுங்கள்.