மயில்கழுத்து மினுங்கும் லென்ஸ்

கேள்வி: என் அண்ணனுக்கு வயது 36. மூன்று வருடமாக இடது கண் அடிக்கடி சிவந்து கூசும். சொட்டு மருந்து விட்டால் அடங்கிவிடும். போன வாரம் பார்த்த டாக்டர், லென்ஸின் பின்னுறையில் வானவில் மாதிரி பளபளப்பு தெரிகிறது என்றார். ரத்தப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எழுதிக் கொடுத்தார். கண்ணாடியில் பார்த்தால் எங்களுக்கு எந்த நிறமும் தெரியவில்லை. கண்ணில் கோளாறு என்றால் நெஞ்சை ஏன் படம் எடுக்க வேண்டும்? உடனே ஆபரேஷன் செய்துவிடலாமா?
- வாசகி, தென்காசி

பதில்: கண்ணாடியில் தெரியாதும்மா. ஸ்லிட் லேம்ப் என்ற கண் பரிசோதனை நுண்ணோக்கியின் வெளிச்சத்தைக் கீற்றாக உள்ளே விட்டு, அது லென்ஸின் பின்பக்கம் பட்டுத் திரும்பும் கோணத்தில் பார்த்தால்தான் சிவப்பும் பச்சையும் நீலமும் மினுங்கும். கோணம் லேசாக மாறினால் காணாமல் போகும். நான் படித்த காலத்தில் எங்கள் பேராசிரியை இதை 'மயில்கழுத்துப் பட்டு' என்பார். ஆனால் பட்டில் பாவுக்கு ஒரு சாயம், ஊடைக்கு ஒரு சாயம். இங்கே சாயமே கிடையாது. மழை பெய்த அன்று பெட்ரோல் பங்க் வாசலில் தேங்கிய தண்ணீர் நிறம் காட்டுமே, அந்தக் கதைதான். எண்ணெய்ப் படலத்தின் மேலிருந்தும் அடியிலிருந்தும் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து, சில நிறம் மங்கும், சில நிறம் ஓங்கும்.

லென்ஸுக்கு ரத்தக் குழாய் கிடையாது. சுற்றியுள்ள திரவம்தான் அதற்குச் சோறு. அண்ணனுக்கு இருப்பதுபோல் தெரியும் உள்கண் அழற்சி (யூவியைட்டிஸ்) நீடித்தால் அந்தச் சோறு கெடுகிறது. உறை மிக மெல்லியதாக இருக்கும் பின்பக்க நடுவில் அடி முதலில் விழும். பிறகு அங்கே ரொட்டித் தூள் உதிர்த்தாற்போல் மங்கல் சேரும். அந்தக் கண்புரைக்கு முன்னறிவிப்புதான் இந்த மினுமினுப்பு. கடுமையான கிட்டப்பார்வை, பழைய விழித்திரை விலகல், ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா (விழித்திரை மெல்லச் சிதையும் பரம்பரை நோய்) உள்ள கண்களிலும் இது வரும்.

கண்ணுக்குள் செம்பு தங்கினாலும் லென்ஸில் நிறம் தெரியும், ஆனால் அது செய்யும் வேலை வேறு மாதிரி. நாச்சியார்கோவில் பக்கத்துக் குத்துவிளக்குப் பட்டறைக்காரர் ஒருவர், 'எப்போதோ தூசி விழுந்தது, போய்விட்டது' என்று சாதித்தார். போகவில்லை. பித்தளைத் துணுக்கு உள்ளேயே தங்கி, செம்பு மெல்லக் கசிந்து, லென்ஸின் முன்னுறையில் சூரியகாந்தி இதழ் விரித்திருந்தது. ராவும்போது கண்ணாடி போட்டிருந்தால் என்னிடம் வந்திருக்கவே மாட்டார்.

நெஞ்சு எக்ஸ்ரேக்கு வருகிறேன். யூவியைட்டிஸுக்குக் காசநோயும், உடலில் அங்கங்கே சிறு அழற்சிக் கட்டிகள் தோன்றும் சார்காய்டோசிஸும் காரணமாகலாம். இரண்டின் தடயமும் நெஞ்சில் கிடைக்கக்கூடும். டாக்டர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார், எடுத்துவிடுங்கள். போகும்போது வீட்டில் கிடக்கும் சொட்டு மருந்துப் பாட்டில்கள் அத்தனையையும் பையில் போட்டுக் கொண்டு போகட்டும். ஸ்டீராய்டு மருந்தைப் பழைய சீட்டைக் காட்டியே வருடக்கணக்கில் வாங்கி விட்டிருந்தால், அதுவே பின்பக்கப் புரையை வளர்க்கும், கண் அழுத்தத்தையும் ஏற்றும். அதற்காகப் பயந்து தானாக நிறுத்திவிடவும் கூடாது.

ஆபரேஷனுக்கு இப்போது அவசரமில்லை. பார்வையைக் கெடுக்கும் அளவுக்குப் புரை முற்றினாலும், அழற்சி அடங்கிக் கண் குறைந்தது மூன்று மாதமாவது அமைதியாக இருந்த பிறகுதான் கை வைப்போம். ஒன்று மட்டும்: தெருவிளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிகிறது, கண் வலிக்கிறது என்று அண்ணன் சொன்னால், அது கண் அழுத்தம் ஏறிய அறிகுறியாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றே கூட்டிப் போங்கள்.