பாலஸ்தீனம் ஐ.நா. உறுப்பு நாடா? உங்கள் கட்டுரைக் குழப்பத்துக்கு

2012-லேயே ஐ.நா. பாலஸ்தீனத்தை ஏற்றுக்கொண்டது, அப்புறம் 2024-இல் எதற்கு இன்னொரு வாக்கெடுப்பு என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேறு வேறு. 2012 நவம்பர் 29 அன்று பொதுச்சபை 138 வாக்குகளோடு கொடுத்தது 'உறுப்பினரல்லாத பார்வையாளர் நாடு' என்ற தகுதி மட்டும்தான். முழு உறுப்பினராகப் பாதுகாப்பு கவுன்சிலின் பரிந்துரை வேண்டும், ஐ.நா. சாசனத்தின் 4-ஆம் பிரிவு அப்படி. 2024 ஏப்ரலில் அங்கே 12 நாடுகள் ஆதரித்தும் அமெரிக்கா வீட்டோ போட்டுவிட்டது.

சரி, அதைவிடப் பெரிய பிழை உங்கள் கடைசிப் பத்தியில் இருக்கிறது. உறுப்பினராக இல்லாததால் பாலஸ்தீனத்துக்குச் சுயநிர்ணய உரிமையே (தங்கள் அரசியல் எதிர்காலத்தைத் தாங்களே தீர்மானிக்கும் உரிமை) இல்லை என்று முடித்திருக்கிறீர்கள். அந்த உரிமை மக்களுடையது, ஐ.நா.வில் நாற்காலி கிடைப்பதைப் பொறுத்ததல்ல. 2004-இல் மேற்குக் கரையில் இஸ்ரேல் கட்டிய தடுப்புச்சுவர் விவகாரத்திலும், மறுபடி 2024 ஜூலையிலும் சர்வதேச நீதிமன்றம் அதை உறுதி செய்திருக்கிறது. இரண்டுமே ஆலோசனைக் கருத்துகள். 'கட்டுப்படுத்தும் தீர்ப்பு' என்று எழுதிவிடாதீர்கள், மதிப்பெண் போகும்.