முட்டை ஏன் உடைந்தது?

அன்புள்ள ஐயா,

விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். கோடை விடுமுறையில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் 32 பிள்ளைகளுக்கு, நிலவுப் பயணத்தை மையமாக வைத்து ஐந்து நாள் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) முகாம் நடத்தினோம். ஸ்ட்ரா, அட்டை, நூல், கேரி பேக் இவற்றால் நிலவில் இறங்கும் கலம் போல ஒரு லேண்டர் செய்து, அதற்குள் கோழிமுட்டையை வைத்து மாடியிலிருந்து போட வேண்டும். முட்டை உடையக் கூடாது. பிள்ளைகள் சாப்பாட்டு மணியைக்கூட மறந்து வேலை செய்தார்கள்.

கடைசி நாள் 'இந்த முகாமில் நான் கற்ற திறன்கள்' என்று தலைப்பிட்டு ஒரு தாள் கொடுத்தோம். கிட்டத்தட்ட எல்லோரும் 'குழுவாகச் செயல்படக் கற்றேன், தன்னம்பிக்கை வளர்ந்தது, விடாமுயற்சி வந்தது' என்றே எழுதினார்கள். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் 'முட்டை ஒடஞ்சிடுச்சு. கால் குட்டையா இருந்துச்சு. ஒரு பக்கமா சாஞ்சிடுச்சு' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். இப்படிப்பட்ட பிள்ளைகளை எப்படிச் சிந்தித்து எழுத வைப்பது? காலாண்டு விடுமுறையில் அடுத்த முகாம். தாளில் என்னென்ன கேள்விகள் வைக்கலாம்? தமிழிலா, ஆங்கிலத்திலா? நட்சத்திரம் போடும் படிவம் உதவுமா? கடைசி நாள் பெற்றோர் வரும்போது பிள்ளைகளை மேடையேற்றிப் பேச வைக்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

விடுமுறையில் வீட்டில் இருக்காமல் 32 பிள்ளைகளைக் கூட்டி முட்டை போட வைத்திருக்கிறீர்கள். அதற்காக உங்கள் மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. அந்த மரியாதையோடுதான் சொல்கிறேன்: 32 தாளில் சிந்தித்து எழுதப்பட்ட தாள் அந்தப் பையனுடையது. அதைப் போய்க் குறையாக எழுதியிருக்கிறீர்கள்!

இன்னொரு முறை படித்துப் பாருங்கள். என்ன நடந்தது, எப்படி நடந்தது, எதனால் நடந்தது, மூன்றையும் சொல்லிவிட்டான். கால் குட்டை, அதனால் சாய்ந்தது, அதனால் உடைந்தது. அவன் கண் லேண்டர் மேல் இருந்திருக்கிறது. மற்றவர்களின் கண் உங்கள் மேல் இருந்திருக்கிறது. டீச்சருக்கு என்ன பிடிக்கும் என்று பார்த்து எழுதியிருக்கிறார்கள். அது அவர்கள் தப்பில்லை. 'நான் கற்ற திறன்கள்' என்று தலைப்பைப் போட்டு நீங்கள்தான் கட்டுரைப் போட்டிக்கு அழைத்திருக்கிறீர்கள்.

இந்த விஷயம் சில வாரங்களாகவே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அண்ணன் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அவளுடைய இயற்பியல் ரெக்கார்டைப் புரட்டியபோது, நான் படித்த காலத்தில் எங்கள் லேபில் நடந்தது ஞாபகம் வந்தது. தனி ஊசல் சோதனை. நூலில் குண்டைக் கட்டி ஆடவிட்டு, 20 அலைவுக்கு எத்தனை விநாடி என்று பார்த்து, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். விடை 9.8 என்று எல்லோருக்கும் முன்பே தெரியும். வகுப்பில் பெரும்பாலோர் அந்த 9.8-ஐ வைத்துக்கொண்டு பின்னாலிருந்து கணக்குப் போட்டு ரீடிங் எழுதுவார்கள். ஒரு பெண் மட்டும் நிஜமாகவே ஊசலை ஆடவிட்டாள். அவளுக்கு 9.4 வந்தது. ஆசிரியர் சிவப்பு மையால் அடித்து, "9.8 வரணும், போய்ச் சரியா எழுதிட்டு வா" என்று அனுப்பிவிட்டார். அவள் மேசைக்குத் திரும்பிப் போய், மறுபடியும் ஸ்கேலை எடுத்து அளந்து, காரணத்தைக் கண்டுபிடித்தாள். நூலை மட்டும் அளந்திருக்கிறாள். கொக்கியையும் குண்டின் நடுப்பகுதி வரையுள்ள தூரத்தையும் சேர்க்கவில்லை. சுமார் 50 சென்டிமீட்டர் ஊசலில் அந்த 2 சென்டிமீட்டர் விட்டுப்போனால் விடை 9.4 தான் வரும். அந்த வருடம் அந்த லேபில் நடந்த ஒரே கண்டுபிடிப்பு அது. ஆனால் அதை எழுத ரெக்கார்டில் இடம் கிடையாது. நோக்கம், தேவையான பொருள்கள், வாய்பாடு, அட்டவணை, முடிவு, அவ்வளவுதான். அவளும் கடைசியில் 9.8 என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். எனக்கு அந்தக் கோபம் இன்றைக்கும் ஆறவில்லை. அண்ணன் மகளின் ரெக்கார்டிலும் 9.8 தான் இருக்கிறது.

உங்கள் தாளில் 'விடாமுயற்சி வந்தது' என்று எழுதிய பிள்ளைகள், பதினொரு பன்னிரண்டு வயதிலேயே 9.8 எழுதப் பழகிவிட்டார்கள் என்பதுதான் என் கவலை.

நிலவு முகாம் என்கிறீர்கள். சந்திரயான்-3 திட்ட இயக்குநராக இருந்த வீரமுத்துவேல் உங்கள் விழுப்புரத்துக்காரர், அவர் படத்தைச் சுவரில் ஒட்டியிருப்பீர்கள். நல்லது. ஆனால் 2019 செப்டம்பர் 7-ஆம் தேதி சந்திரயான்-2-இன் லேண்டர் விக்ரம் நிலவில் விழுந்த பிறகு இஸ்ரோவில் என்ன செய்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னீர்களா? என்ஜின்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக உந்தின, பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன, அவற்றைத் திருத்த லேண்டர் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது, அவ்வளவு வேகமாகத் திரும்ப முடியவில்லை, இறங்கக் கொடுத்த இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான். இப்படிக் காரணம் காரணமாகப் பிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் மாற்று செய்தார்கள். இறங்குமிடம் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் ஆனது. நடுவிலிருந்த ஐந்தாவது என்ஜினை எடுத்தார்கள். எரிபொருளைக் கூட்டினார்கள். கால்களைப் பலப்படுத்தினார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியது. உங்கள் பையன் எழுதியதும் காலைப் பற்றித்தான், டீச்சர்.

சரி, கேள்விகள். பிள்ளையைப் பற்றிக் கேட்காதீர்கள், அவன் செய்த பொருளைப் பற்றிக் கேளுங்கள். முதல் தடவை போட்டபோது என்ன ஆனது? எதை மாற்றினாய்? எதை மாற்றாமல் விட்டாய்? இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் மறக்கவே கூடாது. பாராசூட்டையும் பெரிதாக்கி, காலையும் நீட்டி, முட்டை பிழைத்துவிட்டால், எது காப்பாற்றியது என்று எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியை ஒரு பிள்ளையிடம் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்து பாருங்கள். முதலில் முழிப்பான். அப்புறம் "அப்ப ஒண்ண மட்டும் மாத்திப் பாக்கணும் டீச்சர்" என்பான். அப்போது நீங்கள் சொல்லலாம்: இப்போது நீ செய்ததற்குப் பெயர் சோதனையைத் திட்டமிடுவது, அது ஒரு திறன், அது உனக்கு வந்துவிட்டது. திறனின் பெயரைப் பெரியவர்கள்தான் கொடுக்க வேண்டும், பிள்ளை தான் செய்ததைச் சொல்லி முடித்த பிறகு. நீங்கள் முதலில் பெயரைக் கேட்டீர்கள். அவர்கள் பள்ளிச் சுவரில் எழுதியிருக்கும் பெயர்களைக் கொடுத்தார்கள்.

இதைக் கடைசி நாள் கடைசி மணிநேரத்துக்கு வைக்காதீர்கள். ஐந்தாம் நாள் சாயங்காலம் கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு வேனுக்கு நிற்கிற பிள்ளைக்கு இரண்டாம் நாள் செய்தது எப்படி ஞாபகம் இருக்கும்? தினமும் பத்து நிமிடம் போதும். உடைந்த லேண்டரை மேசைமேல் வைத்துக்கொண்டு இருவர் இருவராகப் பேசட்டும், பிறகு இரண்டு வரி எழுதட்டும், படம் வரைய வருகிறவர்கள் வரையட்டும். உடைந்ததைக் குப்பையில் போட விடாதீர்கள். முட்டையைக் கழுவிவிட்டு, முதலில் செய்தது, அடுத்து செய்தது என்று வரிசையாக வையுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எழுதவே பிடிக்காத பிள்ளையும் வாயைத் திறக்கும்.

தமிழா ஆங்கிலமா என்பதெல்லாம் ஒரு கேள்வியா? 'ஒடஞ்சிடுச்சு' என்றே எழுதட்டும், திருத்தாதீர்கள். நட்சத்திரம் வேண்டாம். ஐந்துக்கு நான்கு போட்ட பிள்ளைக்கும் தெரியாது எதற்கு நான்கு என்று, உங்களுக்கும் தெரியாது. சான்றிதழ் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கொடுங்கள், அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

பெற்றோர் வரும் நாளில் மேடையும் வேண்டாம், மைக்கும் வேண்டாம். மைக் முன்னால் நின்றால் பிள்ளைகள் மறுபடியும் 'அனைவருக்கும் வணக்கம்' என்று மனப்பாடத்துக்குப் போய்விடுவார்கள். வகுப்பறையில் மேசைகளைப் போட்டு, உடைந்தது உடையாதது எல்லாவற்றையும் வையுங்கள். பிள்ளைகள் அவரவர் லேண்டர் பக்கத்தில் நிற்கட்டும். அப்பா அம்மாக்கள் மேசை மேசையாக வரட்டும். வாசலிலேயே அவர்களிடம் சொல்லிவிடுங்கள், "நீ ஃபர்ஸ்ட்டா?" என்று யாரும் கேட்கக் கூடாது, "முதல்ல எப்படிச் செஞ்ச, அப்புறம் ஏன் மாத்தின?" என்று கேட்டால் போதும் என்று. தன் பிள்ளையிடம் மட்டும் நின்றுவிடாமல் அடுத்த மேசைப் பிள்ளையிடமும் கேட்கச் சொல்லுங்கள். முட்டை நிறைய வாங்கி வையுங்கள், பேசிக்கொண்டிருக்கும்போதே யாராவது இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாமா என்று கேட்பார்கள்.