மகளைக் கல்லூரியில் சேர்க்கக் கட்டுப்படியாகுமா? எங்கள் வீட்டில் நடந்தது

மாதம் 18,000 ரூபாய் வருமானத்தில் மகளை இன்ஜினியரிங் படிக்க வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் எந்த வழியில் சேர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நானும் தங்கையும் ஒரே வீட்டிலிருந்து வேறு வேறு வழியில் போனவர்கள்.

நான் ப்ளஸ் டூ முடித்தது 2014இல். ரிசல்ட் வந்த மறுநாளே ஒரு தனியார் கல்லூரியின் ஆள் எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டார். மார்க்கைப் பார்த்து அரசு சீட் ஒதுக்கும் கவுன்சிலிங்குக்குப் போனால் எங்கேயோ தூரத்தில்தான் கிடைக்கும், இப்போதே பத்தாயிரம் கட்டினால் சீட் உறுதி என்றார். அப்பா தறி ஓட்டுகிறவர். அன்று சாயந்திரமே அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போனது. என் ஒரிஜினல் மார்க் ஷீட்டும் டிசியும் அந்த ஆளின் பைக்குள் போயின.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். கவுன்சிலிங்கில் சேர்ந்திருந்தால் முதல் பட்டதாரிச் சலுகை என்ற கட்டணச் சலுகை கிடைத்திருக்கும். நான் சேர்ந்தது கல்லூரியே நேரடியாக நிரப்பும் மேனேஜ்மென்ட் கோட்டா, அதற்கு அது கிடையாது. வந்தவர் சொல்லவில்லை, எங்களுக்குக் கேட்கவும் தெரியவில்லை. நாலு வருடப் படிப்புக்கு வாங்கிய கடனை அடைக்க ஏழு வருடம் ஆனது. அந்தச் சலுகை குடும்பத்தில் ஒருவருக்குத்தான். நான் பட்டதாரி ஆகிவிட்டதால் தங்கைக்கும் அது இல்லாமல் போனதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

தங்கையைக் காப்பாற்றியது அவள் படித்த அரசுப் பள்ளி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021இல் பொறியியலுக்கும் வந்தது. 2022இல் அவள் கவுன்சிலிங்கில் அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தாள். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்றது. அந்த செப்டம்பரில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டமும் தொடங்கியது, மாதம் 1,000 ரூபாய். ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ், ஊருக்கு வரும் பஸ் காசு என்று அவள் ஒரு சின்ன டைரியில் கணக்கு எழுதுவாள். பெரும்பாலும் அந்த ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். பழைய லேப்டாப் ஒன்று வாங்கியதுதான் எங்களுக்குப் பெரிய செலவு.

எனக்குக் கவலை, கஷ்டப்பட்டு மெட்ரிக் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்த குடும்பங்களைப் பற்றித்தான். அவர்களுக்கு 7.5 கிடையாது. அப்போதும் கவுன்சிலிங்தான் மலிவு. 2017இல் தனியார் கல்லூரிகளுக்கு நிர்ணயித்தபடி, தர அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு கவுன்சிலிங் சீட் வருடத்துக்கு 55,000 ரூபாய், மேனேஜ்மென்ட் சீட் 87,000 ரூபாய் என்று இருந்தது. அதுவும் முடியாவிட்டால் அரசுக் கலைக் கல்லூரியைக் குறைவாக நினைக்காதீர்கள். அங்கே வருடக் கட்டணம் சில ஆயிரம்தான்.

உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து எந்தப் பள்ளியில் படித்தாள் என்று எழுதவில்லை, அதைச் சொல்லுங்கள்; 7.5 ஒதுக்கீடு கிடைக்குமா என்பது அதைப் பொறுத்தது. உங்கள் வீட்டில் யாரும் பட்டதாரி இல்லையென்றால், இப்போதே இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். கவுன்சிலிங் முடிகிறவரை ஒரிஜினல் சான்றிதழ்களை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.